முட்டையைக் காப்பதா, தாயைக் காப்பதா: மழை இரவில் வரும் சொறித்தவளைக்கு என்ன செய்யலாம்?

ஐப்பசியில் முதல் நல்ல மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலை, பக்கத்துக் காலி மனையை எட்டிப் பார்த்தால் புல்லுக்குள் அந்த முட்டைக் கயிறு கிடக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் கடுகைக் கோத்துவைத்தது போல இரண்டு இழை, புல் தாள்களைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கும். இரவெல்லாம் "கிர்ர்ர்ர்" என்று தூங்கவிடாமல் கத்தியவர்கள் காலையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். மிச்சம் இருப்பது அந்தக் கயிறும் முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரும்தான். வெயில் அடித்தால் ஐந்து நாளில் அந்தத் தண்ணீரும் இருக்காது.

தென்சென்னைப் புறநகரில் ஏரிக்கும் சதுப்புக்கும் நடுவே மனை போட்ட தெரு எங்களுடையது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. அந்தப் பக்கத்துத் தண்ணீரின் பழைய வழி எங்கள் தெரு. அதனால் தவளைகளைப் பொறுத்தவரை நாங்கள்தான் ஆக்கிரமிப்பாளர்கள். இதைச் சொன்னால் தெருவில் யாருக்கும் பிடிப்பதில்லை, சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இனப்பெருக்க சமயத்தில் இந்தப் பிராணிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைப்பவர் முன்னால் ஐந்து வழி இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாம். குட்டை வற்றாமல் தண்ணீர் ஊற்றலாம். முட்டையை எடுத்துவந்து டப்பில் வளர்க்கலாம். தோட்டத்தில் நிரந்தரமாகக் குளம் வெட்டலாம். இல்லையென்றால் முட்டையை மறந்துவிட்டு, முட்டையிட வரும் பெரியவர்களைக் கவனிக்கலாம். மூன்று மழைக்காலத்தில் குளம் தவிர எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். எதற்கு எவ்வளவு உழைப்பு, எதில் எத்தனை உயிர் மிஞ்சும் என்பதில் இப்போது எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. முதல் வருஷம் இருந்த அபிப்பிராயத்துக்கு அது நேர் எதிர்.

முதலில், யாருடைய முட்டை?

நான் சொல்வது உடம்பெல்லாம் மரு மருவாக, கண்ணுக்குப் பின்னால் அவரைவிதை போல இரண்டு புடைப்போடு, தாவாமல் தத்தித் தத்திப் போகுமே, அந்தச் சொறித்தவளையை. புத்தகத்தில் தேரை. ஆனால் அம்மா ஊரில் தேரை என்றால் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு முகத்தில் தாவுகிற ஒல்லிப் பிராணி. அது மரத்தவளை, வேறு ஆள். இங்கே நான் தேரை என்றால் சொறித்தவளைதான்; அதன் அறிவியல் பெயர் டட்டாஃபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். அந்தப் பேரினத்துக்கு நம் நாட்டுத் தவளை ஆய்வாளர் சுஷில் குமார் தத்தாவின் பெயரை 2006இல் வைத்தார்கள்.

பெயர்க் குழப்பம் முட்டையில் இல்லை. கயிறாக இருந்தால் சொறித்தவளை. தொட்டிச் சுவரிலோ தண்ணீருக்கு மேல் தொங்கும் இலையிலோ சோப்பு நுரை அப்பியது போல இருந்தால் மரத்தவளை; அதைத் தண்ணீருக்குள் தள்ளிவிடக் கூடாது, குஞ்சு வளர்ந்து தானாகவே கீழே விழும். தண்ணீரின் மேல் படலமாகவோ சின்னச் சின்னக் கொத்தாகவோ மிதந்தால் மற்ற தவளைகள். இங்கே சொல்வதெல்லாம் கயிற்றுக்காரர்களுக்கு மட்டும்.

இன்னொன்றையும் முன்பே சொல்லிவிடுகிறேன். இது அருகிவரும் உயிரினம் இல்லை. ஊர் முழுக்க இருக்கிறது, தெருவிளக்கின் கீழ் ஈசல் தின்று கொழுக்கிறது. மடகாஸ்கர் தீவில் இதே தேரை 2014இல் துறைமுக நகரமான டோமசினா பக்கம் கண்டுபிடிக்கப்பட்டு, அங்கே இதை ஒழிக்க வழியில்லாமல் திண்டாடுகிறார்கள். கப்பல் சரக்கோடு போயிருக்கலாம் என்பது கணிப்பு. இதன் விஷம் அந்தத் தீவின் பாம்புகளுக்குப் பழக்கமில்லை. ஆகவே நான் செய்வது உலகத்தைக் காப்பாற்றும் வேலை இல்லை. என் வாசலுக்கு வந்த விருந்தாளி என் வீட்டுத் தரைத்தொட்டியான சம்பில் விழுந்து சாகக் கூடாது, அவ்வளவுதான்.

டப்பில் வளர்ப்பது: மனசுக்கு நிறைவு, கணக்குக்கு நஷ்டம்

முதல் வருஷம் நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். எல்லோருக்கும் முதலில் தோன்றுவதும் இதுதான். குட்டை வற்றப் போகிறது, முட்டை சாகப் போகிறது, வாளியை எடு.

முட்டைக் கயிற்றில் ஒரு முழம் வெட்டி, பழைய துணி ஊறவைக்கிற 50 லிட்டர் டப்பில் அந்தக் குட்டைத் தண்ணீரையே ஊற்றி மாமரத்தடியில் வைத்தேன். நம் ஊர்ச் சூட்டில் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். முதலில் அசையாமல் கயிற்றின் மிச்சத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். செத்துவிட்டது என்று கொட்டிவிடக் கூடாது. வயிற்றில் இருக்கிற மஞ்சள்கரு தீரும்வரை சாப்பாடும் வேண்டாம். பிறகு கரிக்கட்டையைப் பொடித்துத் தூவியது போலக் கறுப்பு கறுப்பாகத் தலைப்பிரட்டைகள் ஓட ஆரம்பிக்கும். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பை கழற்றாமல் டப்புக்கு ஓடுவாள். அந்தச் சந்தோஷத்துக்கு விலையே இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் என்ன நடந்தது என்றால், நாலாம் நாள் காலை பாதிப் பேர் அடியில் வெள்ளையாகக் கிடந்தார்கள். முந்தைய நாள் அன்பு மிகுதியில் யாரோ சோற்றுப் பருக்கை போட்டிருந்தார்கள். சோறு, பிரட் எல்லாம் ஒரே இரவில் தண்ணீரைக் கெடுத்துவிடும். தேரையின் தலைப்பிரட்டைக்கு இதில் கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. மற்ற பல தவளைகளின் குஞ்சு, தண்ணீரில் காற்று குறைந்தால் மேலே வந்து வாயால் ஒரு மடக்குக் காற்றை விழுங்கிச் சமாளிக்கும். தேரைக் குஞ்சுக்குக் கால் முளைத்துக் கரையேறும் பருவம் நெருங்கும்வரை நுரையீரல் வேலைக்கு வருவதில்லை. செவுளும் தோலும்தான் மூச்சு. ஆகவே அகலமில்லாத வாளி, ஆழமான தண்ணீர், நெரிசல், வெயில் எல்லாமே கொலைக்களம். 50 லிட்டரில் நூறு குஞ்சுக்கு மேல் வைக்காதீர்கள் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட அளவு. நான் வைத்தது அதைப்போல ஐந்து மடங்கு இருக்கும்.

மிச்சம் இருந்தவற்றுக்குக் கீரையை வேகவைத்துக் கிள்ளிப் போட்டேன், விரல் நுனியளவு. அதுவே மிஞ்சினால் மாலையில் எடுத்துவிட வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றவேண்டும். குழாய்த் தண்ணீராக இருந்தால் ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்துவைத்து, குளோரின் போன பிறகுதான் ஊற்றவேண்டும். ஆர்.ஓ. மெஷின் துப்புகிற கழிவுத்தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு அதிகம். இப்படி ஒரு மாதத்துக்கு மேல் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாது.

பெரிய அடி கடைசியில்தான் விழுந்தது. பின்னங்கால் வந்து, முன்னங்கால் வந்து, வால் சுருங்கத் தொடங்கும்போது அது சாப்பிடுவதை நிறுத்திவிடும். வாலைக் கரைத்துத்தான் வயிறு வளர்க்கும். அந்த இரண்டு மூன்று நாளில் அதற்கு வேண்டியது ஏறி உட்கார ஒரு சரிவு. என் டப்பு வழவழப்பான நீலப் பிளாஸ்டிக். ஒரு ஓட்டுச்சில்லைச் சாய்த்து வைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு மாதம் வளர்த்தவர்களை ஒரே இரவில் மூழ்கடித்தேன். மூழ்கிச் சாகிற தவளை என்று ஒன்று உண்டா என்றால், உண்டு. என் டப்பில் இருந்தது.

கொசு விவகாரம் தனி. டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர எட்டுப் பத்து நாள் போதும். தலைப்பிரட்டை கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்று நம்பி இருக்க முடியாது. டப்பை வலையால் மூடி விளிம்பில் கயிறு கட்டத்தான் வேண்டும். வீடு வீடாகத் தொட்டி பார்க்க வருகிறவர்கள் மருந்து ஊற்றிவிட்டுப் போனால் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் வேலை அது.

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவருக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, வேறு வேறு இடத்து முட்டையை ஒரே டப்பில் கலக்கவேண்டாம். தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் இதே தேரையை வைத்து ஆராய்ந்தவர்கள், தலைப்பிரட்டைக்குத் தன் கூடப்பிறந்தவர்களை அடையாளம் தெரியும், அவர்களோடுதான் கூட்டமாக நிற்க விரும்பும் என்று கண்டார்கள். தூசி அளவுப் பிராணிக்கு அண்ணன் தம்பி யார் என்று தெரிகிறது. இரண்டாவது எச்சரிக்கை இன்னும் முக்கியம்: எந்தக் குட்டையில் எடுத்தீர்களோ அதன் கரையிலேயே திரும்ப விடவேண்டும். தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை உலகெங்கும் தவளைக் கூட்டங்களை அழித்திருக்கிறது. தண்ணீரோடும் ஈரக் காலோடும் அது இடம் மாறும். நல்ல எண்ணத்தோடு ஒரு வாளியை ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போகிறவர் அந்த வேலையைத்தான் செய்கிறார்.

எதிர்வீட்டு அக்கா சொன்னதும் இதில் சேர்த்திதான். "எதுக்குப்பா இந்தப் பாடு? எல்லாத்தையும் புடிச்சு ஒரு பையில போட்டு ஏரியில விட்டுட்டு வந்துடு. இங்க இருந்தா பாம்பு வரும்."

பாம்பு வரும் என்பதில் தப்பில்லை. சாரையும் தண்ணீர்ப் பாம்பும் தவளை தின்பவைதான், இரண்டுக்கும் விஷமில்லை. ஆனால் ஏரியில் விடுவது உதவி இல்லை. ஏரி முழுக்க ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும். தேரை ஏன் ஏரியை விட்டுவிட்டுக் காலி மனைக்கு வருகிறது என்று நினைத்தீர்கள்? மீன் இல்லாத தண்ணீர் தேடித்தான். அதே காரணத்துக்காகத்தான் கொசுவுக்கென்று கம்பூசியா மீன் விட்ட கிணறும் தவளைக்கு உதவாது. கொசுப்புழுவோடு தலைப்பிரட்டையையும் அது விட்டுவைப்பதில்லை.

தண்ணீர் ஊற்றிக் குட்டையைக் காப்பது

இரண்டாம் வருஷம் டப்பு வேண்டாம் என்று முடிவு செய்து, குட்டை வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று இறங்கினேன். யோசனை நல்ல யோசனைதான். குஞ்சு தன் இடத்தில் இருக்கும், சாப்பாட்டுப் பாசி அங்கேயே உண்டு, கரை தானாகவே சரிவு.

கணக்கு மட்டும் பயமுறுத்தும். இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளக் குட்டையில் ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் இறங்கினால் 60 லிட்டர். பிளாஸ்டிக் குடத்தில் நான்கு. ஒரு மாதம் என்றால் 120 குடம். மணல் தரையில் இறங்குவது இதைவிட அதிகம், களிமண்ணில் குறைவு. குடிக்கிற தண்ணீருக்கே லாரி வரவேண்டிய தெருவில் இதைச் செய்தால் வீட்டிலேயே நியாயம் கேட்பார்கள்.

ஆனால் மாதம் முழுக்க ஊற்றத் தேவையில்லை என்பதுதான் நான் கற்றுக்கொண்டது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்கி விட்டு விட்டுப் பெய்வது. இரண்டு மழைக்கு நடுவில் விழும் வெயில் நாட்களைத் தாண்ட வைத்தால் போதும். குட்டை முழுவதையும் நிரப்பவேண்டாம். நடுவில் இருக்கும் மிக ஆழமான பள்ளத்தை, ஒரு தாம்பாளத்தட்டு அகலமுள்ள இடத்தை, ஈரமாக வைத்தாலே தலைப்பிரட்டைகள் அங்கே வந்து கூடிவிடும். எனக்கு அந்த வருஷம் மொத்தம் ஒன்பது நாள், ஒரு நாளைக்கு இரண்டு குடம். ஏசி சொட்டுத் தண்ணீரும் மொட்டைமாடியில் பிடித்த மழைத்தண்ணீரும் சேர்த்தே சமாளித்தேன். அதற்குள் அடுத்த மழை வந்துவிட்டது.

தண்ணீர் குறையக் குறையக் குஞ்சுகளும் சும்மா இருப்பதில்லை. வற்றும் குட்டையில் வளரும் பல தவளை இனங்களின் தலைப்பிரட்டைகள் அவசரப்பட்டுச் சீக்கிரமே கால் முளைத்துக் கரையேறிவிடும். உடம்பு மட்டும் கொஞ்சம் சின்னதாக இருக்கும். பல லட்சம் வருஷமாக மழைக்குட்டையில் பிழைத்துவந்த பிராணிக்கு வற்றுதல் புதிதல்ல.

இந்த வழியின் எதிரி வெயில் அல்ல, பிளீச்சிங் பவுடர். மழை நின்றதும் தேங்கிய தண்ணீரில் யாராவது தூவுவார்கள். அல்லது மரத்தூள் பொட்டலத்தைக் கழிவெண்ணெயில் தோய்த்துப் போட்டுவிட்டுப் போவார்கள். முன்கூட்டியே பேசினால் பயனுண்டு. "இதில் மீன்குஞ்சு விட்டிருக்கோம்ணே" என்று ஒரு பொய் சொன்னேன். தவளை என்றால் சிரிப்பார்கள், மீன் என்றால் மதிப்பார்கள். மனை உரிமையாளர் லாரியில் மண் கொண்டுவந்து கொட்டினால் அதற்கு எந்தப் பொய்யும் உதவாது. மூன்றாம் வருஷம் பாதி மனைக்கு அப்படித்தான் ஆயிற்று.

குளம் வெட்டுவது பற்றி

இதற்கு அதிகம் சொல்வதற்கில்லை. இடம் இருப்பவர்கள் செய்யலாம். ஒரு அடிக்கு மேல் ஆழம் வேண்டாம், ஒரு பக்கமாவது சரிவு வேண்டும், மீன் கூடவே கூடாது, வருஷத்தில் சில மாதம் காய்ந்து கிடந்தால் இன்னும் நல்லது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் நினைக்கவே வேண்டாம். இன்று காலை கயிற்றைப் பார்த்துவிட்டு என்ன செய்யலாம் என்று கேட்பவருக்கு இது பதிலும் இல்லை. அடுத்த வருஷத்துக்கான வேலை, கோடையில் தொடங்கவேண்டியது. முதல் வருஷமே தேரை வந்து முட்டையிடும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

பெரியவர்களைக் காப்பது

என் மனசை மாற்றியது ஒரு மழைநீர்க் குழி. தமிழ்நாட்டில் 2003இலிருந்து எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் வீட்டுக் குழி நாலடி ஆழ சிமெண்ட் உறை, மேலே ஓட்டைபோட்ட மூடி, அதில் ஒரு மூலை உடைந்திருந்தது. இரண்டாம் வருஷம் மழை முடிந்து சுத்தம் செய்யத் திறந்தபோது உள்ளே ஏழு தேரை செத்து ஊதிக் கிடந்தன. அதில் மூன்று, கையகலப் பெண்கள். தேரையில் பெண்தான் பெரிசு. முட்டையிட்டுவிட்டு விழுந்தவையா, இடப் போகும் வழியில் விழுந்தவையா என்று ஊகிக்க அவசியம் இல்லை. ஒன்றின் வயிறு பிளந்து கறுப்பு மணிகள் வெளியே கிடந்தன.

அந்தப் பக்கம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் என் குழியே தாயைத் தின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பெண் தேரை ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் முட்டை இடுகிறது. ஆயுளில் எத்தனை ஆயிரம் இட்டாலும், அந்தப் பகுதியில் தேரைக் கூட்டம் கூடாமலும் குறையாமலும் இருக்க அவற்றில் இரண்டு மட்டும் பிழைத்துப் பெரிதானால் போதும். மீதி எல்லாம் தும்பிப் புழுவுக்கும் கொக்குக்கும் வெயிலுக்கும் எழுதிவைத்தது. அதற்காகத்தான் அத்தனை முட்டை. நான் டப்பில் நூறு குஞ்சை வளர்த்து வெளியே விட்டாலும் அதில் ஒன்றாவது வளர்ந்து முட்டையிடும் வயதுக்கு வருமா என்பது சந்தேகம். வயிறு நிறைய முட்டையோடு வரும் பெண்ணோ அத்தனை ஆபத்தையும் தாண்டி வந்துவிட்ட அந்த ஒன்று. அவளை ஒரு குழியிலிருந்து ஏற்றிவிடுவது ஒரு டப்பு முழுக்க வளர்ப்பதைவிட மேல். அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிஷம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தச் சமயத்தில் வாய் திறப்பது ஆண்தான், கெடுவது பெரும்பாலும் வாயே திறக்காத பெண். ஆண் குட்டையோரம் உட்கார்ந்து கத்துகிறது. அந்தச் சத்தத்தை நோக்கிப் பெண் தெருவைக் கடந்து, வடிகால் ஓரமாக நடந்து, வீட்டுக் காம்பவுண்டுக்குள் புகுந்து வரவேண்டும். வழியெல்லாம் நாம் கட்டிவைத்த செங்குத்துச் சுவர். மரத்தவளைக்கு விரல் நுனியில் ஒட்டும் வட்டு உண்டு, சுவரில் ஏறிவிடும். தேரைக்கு அது கிடையாது. வழவழப்பான சிமெண்டில் அரையடிகூட ஏறாது. மழைநீர் வடிகால், மூடாத சம்ப், உறைக்கிணறு, கார்டன் தொட்டி எதில் விழுந்தாலும் நீந்தி நீந்திக் களைத்துப் போகும்.

செய்யவேண்டியது இவ்வளவே. தேங்காய் நார்க் கயிறு, பெருவிரல் தடிமனுக்குக் குறையாமல், ஒரு முனையை மேலே ஆணியில் கட்டி மறுமுனை தண்ணீருக்குள் கிடக்கும்படி சாய்வாக விடவேண்டும். நேர் செங்குத்தாகத் தொங்கவிட்டால் ஏறத் திணறும். இடம் இருந்தால் கயிற்றைவிட, கோணிச்சாக்கு சுற்றி ஆணியடித்த பலகை நல்லது. நைலான் கயிறு உதவாது, வழுக்கும். பிரிட்டனில் சாலையோர வடிகால் குழிகளுக்குள் இதற்கென்றே ஏணி வைக்கிறார்கள். நம் ஊருக்கு நார்க்கயிறு போதும், எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். குடிநீர் சம்பாக இருந்தால் கயிறு வேண்டாம், மூடியை ஒழுங்காகப் பொருத்துங்கள்.

அடுத்தது தெரு. முதல் மழை இரவில் எட்டு மணிக்கு மேல் பைக்கில் வரும்போது வேகத்தைக் குறைப்பது ஒன்று. நடுத்தெருவில் உட்கார்ந்திருப்பதைக் கையில் எடுத்து, அது எந்தப் பக்கம் முகம் வைத்திருந்ததோ அந்தப் பக்கமே கொண்டுபோய் விடுவது இன்னொன்று. வந்த பக்கமே திருப்பி விட்டால் இரண்டாம் முறை கடக்க வரும். முதுகில் ஆணைச் சுமந்துகொண்டு வந்தால் பிரிக்கவேண்டாம், ஜோடியாகவே தூக்குங்கள். ஆண் சில சமயம் இன்னோர் ஆணையே பிடித்துக்கொண்டிருக்கும். கீழே இருப்பது "குக், குக்" என்று எரிச்சலோடு கத்தும், விஷயம் தெரிந்ததும் மேலே இருப்பது விட்டுவிடும். ரப்பர் செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஆணையும் பார்த்திருக்கிறேன். செருப்பு கத்தவில்லை, ஆகவே அது விடவில்லை.

கையால் எடுத்தால் மரு வராது. மரு வருவது வைரஸால். குழந்தை மேல் தேரை விழுந்தால் மெலிந்துபோகும் என்பதும் தேங்காயில் தேரை விழுந்தது என்பதும் பேச்சுவழக்கோடு சரி. ஆனால் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற அந்த அவரைவிதைப் புடைப்பில் பால் போல விஷம் இருப்பது நிஜம். அழுத்தாமல் எடுங்கள், ஈரக் கையால் எடுங்கள், எடுத்த கையால் கண்ணைத் தேய்க்காமல் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தேரையைத் தூக்குவதற்கு முன்னால் கையில் சானிடைசர், கொசு விரட்டிக் களிம்பு எதுவும் இருக்கக் கூடாது. அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். வீட்டு நாய் கவ்விவிட்டால் வாயில் நுரை தள்ளும். நாயின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பக்கவாட்டில் தண்ணீர் விட்டு வாயைக் கழுவி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும்.

இங்கே ஒரு நேர்மையான எதிர்வாதம் உண்டு. பிரிட்டனில் தன்னார்வலர்கள் பல பத்தாண்டாக இதைத்தான் செய்கிறார்கள். அங்குள்ள தேரை வசந்தத்தின் தொடக்கத்தில் தன் பழைய குளத்துக்குப் போகச் சாலையைக் கடக்கும்; இரவில் டார்ச்சும் வாளியுமாக நின்று அள்ளிக் கடத்துகிறார்கள். அப்படி அள்ளியவர்களின் எண்ணிக்கைப் பதிவை வைத்தே 2016இல் வெளியான ஆய்வு, முப்பது வருஷத்தில் அந்நாட்டுத் தேரை 68 சதவீதம் குறைந்திருக்கிறது என்றது. தூக்கிக் கடத்தியும் குறைந்துவிட்டதே, என்ன பயன் என்று கேட்கலாம். அவர்கள் நின்றது சில சாலைகளில் மட்டும், சில இரவுகள் மட்டும். கடந்து போன தேரை திரும்பி வரும்போதும், கோடையில் திரியும்போதும், அதன் குஞ்சு குளத்தை விட்டு வெளியேறும்போதும் அங்கே ஆளில்லை. இதனால்தான் தூக்கிக் கடத்துவதைவிடக் கயிற்றுக்கு நான் அதிக மதிப்பெண் கொடுக்கிறேன். தெருவில் நான் நிற்பது வருஷத்தில் இரண்டு மூன்று இரவு. கயிறு வருஷம் முழுக்கத் தொங்கும்.

சும்மா இருப்பது

கடைசியாக, ஒன்றும் செய்யாமல் இருப்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். குட்டையில் இருக்கும் முட்டையைப் பொறுத்தவரை, மழை தொடரும் அறிகுறி இருக்கும்போது, இதுதான் முதல் தேர்வு. நான் கைவைத்த வருஷத்தைவிடக் கைவைக்காத மூன்றாம் வருஷம் அந்தப் பாதி மனையில் அதிகக் குஞ்சு கரையேறின என்பது கொஞ்சம் அவமானம்தான். மழை நன்றாகப் பெய்தது, அதுதான் காரணம். கார்த்திகை மாத விடியற்காலையில் சுண்டுவிரல் நகத்தளவு தேரைக் குட்டிகள் நூற்றுக்கணக்கில் புல்லிலிருந்து வெளியே வந்து வாசல் கோலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தன. அன்று மட்டும் எங்கள் தெருவில் யாரும் வாசல் பெருக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவும்தான். "மிதிச்சிட்டா பாவம்பா" என்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே இன்றைக்கு யாராவது கேட்டால் நான் சொல்லும் வரிசை இது. கோடையிலேயே குழி, தொட்டி, வடிகால் எல்லாவற்றிலும் கயிறும் பலகையும். மழை இரவில் தெருவில் மெதுவாகப் போவது. முட்டையைப் பார்த்தால் பார்த்துவிட்டு நகர்வது. நாலு நாள் தொடர்ந்து வெயிலடித்தால் மட்டும் பள்ளத்தில் இரண்டு குடம். டப்பு வளர்ப்பு, மண் லாரி வாசலில் நிற்கிறது, நாளைக் காலை மனையை மூடப் போகிறார்கள் என்ற நிலையில் மட்டும். அப்போதும் ஒரு முழத்துக்கு மேல் எடுக்கவேண்டாம், உள்ளே ஓட்டுச்சில்லைச் சாய்த்து வைக்க மறக்கவேண்டாம். மூடப்போகும் மனைக்குத் திரும்ப விடமுடியாது என்பதால், அதே தெருவில் அந்தத் தண்ணீரோடு சேரும் இன்னொரு பள்ளத்தின் கரையில் விடலாம். வேறு ஏரிக்குக் கொண்டுபோகவேண்டாம்.

மழைநீர்க் குழியில் கட்டிய கயிறு ஒரு மழைக்காலம் தாங்கி, இப்போது தண்ணீர்க்கோடு வரை இற்றுப்போயிருக்கிறது. அதன் மேல்பாதி முழுக்கச் சேறு அப்பியிருக்கிறது. எலி ஏறியதா தேரை ஏறியதா என்று மகள் கேட்டாள். போன மழையில் டார்ச் அடித்துக் காத்திருந்து பார்த்தோம். பத்தரை மணிக்கு ஒன்று ஏறிவந்து மூடி விளிம்பில் உட்கார்ந்தது, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் குட்டைச் சத்தம் வந்த பக்கம் தத்திப் போயிற்று. ஐப்பசிக்கு முன்னால் புதுக் கயிறு எட்டு முழம் வாங்கவேண்டும்.